சென்சார் மாற்றியும் பி0031 திரும்பத் திரும்ப வருகிறது: ஹீட்டர் லைனை எப்படிச் சோதிப்பது?

நொய்யல்கரை
ஞாயிறு, இரவு 9:15

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக மண்டை காய்கிறது, உதவி வேண்டும்.

வண்டி 2015 மாடல் பெட்ரோல், 1.2 லிட்டர் என்ஜின், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை வண்டியை எடுத்ததும் செக் என்ஜின் லைட் எரிந்தது. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 13-க்கு வந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது.

பக்கத்துப் பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி0031 என்ற பிழைக்குறியீடு (கோடு) வந்தது, முன்பக்க ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர். "சென்சார் போய்விட்டது சார்" என்று சொல்லி மாற்றினார்கள். சென்சாருக்கு மட்டும் 4,800 ரூபாய். அந்தக் குறியீட்டை அழித்துக் கொடுத்தார்கள், லைட் அணைந்தது. மூன்றாம் நாள் அதே லைட், அதே பி0031. திரும்பப் போனால், "இப்போது ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பார்க்க வேண்டும், அது இருபதாயிரம் ஆகும்" என்கிறார்கள்.

என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டரும், போனில் பார்க்கிற ப்ளூடூத் ஸ்கேனரும் (ஈஎல்எம்327) இருக்கின்றன. கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். ஈசியூ வரைக்கும் போவதற்கு முன் நானே என்ன பார்க்கலாம்?


மலைப்பாதை
ஞாயிறு, இரவு 9:52

எனக்கும் ஊட்டி ஏற்றத்தில் இதே லைட் வந்தது. சென்சாரை ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் இப்படித்தான் திரும்ப வரும். பின்பக்க சென்சாரையும் மாற்றிவிடுங்கள்.


பன்னிரண்டு வோல்ட்
ஞாயிறு, இரவு 10:30

மலைப்பாதை தம்பி, அந்த யோசனையைத் தயவுசெய்து இங்கே சொல்லாதீர்கள். பின்பக்க சென்சாரின் ஹீட்டருக்கு வேறு கோடு இருக்கிறது, பி0037 மாதிரி. முன்பக்கத்துக்குக் கோடு வந்திருக்கும்போது பின்பக்கத்தில் காசு போட்டு ஒரு பயனும் இல்லை.

நொய்யல்கரை, நான் 26 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். ஈசியூவில் கைவைக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பி0031 என்றால் "சென்சார் கெட்டது" என்று அர்த்தம் இல்லை. "முதல் சென்சாரின் ஹீட்டர் லைனில் எனக்குத் தேவையான கரன்ட் போகவில்லை" என்றுதான் ஈசியூ சொல்கிறது. அந்த லைனில் என்னென்ன இருக்கின்றன? பேட்டரி, மெயின் ரிலே, ஃபியூஸ், அங்கிருந்து கப்ளர் (சென்சாரை இணைக்கும் பிளக்) வரை ஒரு வயர், கப்ளர் பின், சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர், மறுபடியும் கப்ளர், ஈசியூ வரை இன்னொரு வயர், ஈசியூ உள்ளே எர்த் கொடுக்கும் டிரான்சிஸ்டர். இத்தனையில் ஒன்றுதான் சென்சார். உங்கள் பட்டறை அதை மட்டும் பார்த்திருக்கிறது.

நாளைக்கு வண்டி முழுக்க ஆறிய பிறகு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சென்சார் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் இருக்கும் நான்கு வயரைப் பாருங்கள். அதில் இரண்டு ஒரே நிறத்தில் இருக்கும். அவைதான் ஹீட்டர். பெரும்பாலும் இரண்டு வெள்ளை. டென்சோ வகையாக இருந்தால் இரண்டு கறுப்பு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். முதலில் மீட்டர் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய சென்சாரையும் அதே மாதிரி அளந்து இரண்டையும் இங்கே போடுங்கள்.

ஆறிய பிறகு என்று சொல்வதற்குக் காரணம் கை சுடும் என்பது மட்டும் இல்லை. ஹீட்டர் சூடாக இருந்தால் அதன் மின்தடை கூடிவிடும், கம்பெனி கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிட முடியாது.


புதுலைசன்ஸ்
திங்கள், காலை 7:40

அண்ணா, நடுவில் ஒரு அடிப்படைக் கேள்வி. சைலன்சர் பைப்பே அவ்வளவு சூடாக இருக்கிறது. அதற்குள் இருக்கும் சென்சாருக்குத் தனியாக ஹீட்டர் எதற்கு?


கல்லூரிச்சாலை
திங்கள், காலை 8:25

நல்ல கேள்வி. நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் இதைக் கேட்பார்கள்.

சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஆக்சிஜன் அளவின் வித்தியாசத்தால் அது சின்ன மின்னழுத்தம் கொடுக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சி இருந்தால் 0.1 வோல்ட் பக்கம், பெட்ரோல் அதிகமாக இருந்தால் 0.9 வோல்ட் பக்கம். நடுவில் 0.45. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைச் சுற்றித்தான் ஈசியூ கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்தப் பீங்கான் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் இந்த வேலையைச் செய்யும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் புகையை மட்டும் நம்பி அந்தச் சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். சிக்னலில் ஐடிலில் நின்றால் மறுபடி ஆறிவிடும். அதுவரைக்கும் ஈசியூ கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமாக இருக்கும் கணக்கில் பெட்ரோல் ஊற்றும். அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். நொய்யல்கரை சொல்கிற பெட்ரோல் வாசமும் 13 மைலேஜும் அங்கிருந்துதான் வருகின்றன. ஹீட்டர் சரியாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் சென்சார் வேலைக்கு வந்துவிடும்.

பாஷ் நிறுவனம் 1976-ல் இந்தச் சென்சாரைக் கொண்டுவந்தபோது அதில் ஹீட்டர் கிடையாது. ஹீட்டர் வைத்தது 1982-ல் வந்தது. அதனால்தான் மிகப் பழைய வண்டிகளில் ஒற்றை வயர் சென்சார் பார்க்கிறோம்.


நொய்யல்கரை
திங்கள், இரவு 8:10

பன்னிரண்டு வோல்ட் அண்ணா, அளந்துவிட்டேன். மீட்டர் வயருக்கு 0.3 கழித்தது போக,

புதிய சென்சார் 9.4 ஓம்.
பழைய சென்சார் 9.1 ஓம்.

ஹீட்டர் வயரிலிருந்து சென்சாரின் உடம்புக்கும் பார்த்தேன். இரண்டிலும் தொடர்பே காட்டவில்லை.

அப்படியானால் பழைய சென்சாரும் நன்றாகத்தான் இருந்திருக்கிறதா?


பன்னிரண்டு வோல்ட்
திங்கள், இரவு 9:05

ஆமாம் தம்பி. பழையதின் ஹீட்டரில் குறை இல்லை. ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டர் ஓஎல் (இணைப்பே இல்லை) என்று காட்டும், உடம்போடு ஷார்ட் ஆகியிருந்தால் அங்கே ஓம் காட்டியிருக்கும். உங்கள் 4,800 ரூபாயை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது. கழற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் மீட்டர் வைத்திருந்தால் போதும்.

சரி, இனி வண்டிப் பக்கம் வருவோம். கப்ளரைக் கழற்றியபடியே கீ ஆன் செய்து, ஹார்னஸ் (வண்டியின் வயர்க்கட்டு) பக்கத்தில் ஹீட்டருக்கு வரும் இரண்டு பின்னையும் பேட்டரி மைனஸை வைத்துப் பாருங்கள். ஒன்றில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். அதுதான் சப்ளை. மற்றது ஈசியூவுக்குப் போகிற கண்ட்ரோல் வயர். பெரும்பாலான வண்டிகளில் சப்ளை நேராக இருக்கும், எர்த் பக்கத்தைத்தான் ஈசியூ விட்டுவிட்டுக் கொடுக்கும். சில வண்டிகளில் ஸ்டார்ட் ஆனால்தான் சப்ளையே வரும், அப்படி இருந்தால் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

பின்னுக்குள் மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள். பின் விரிந்துவிட்டால் அதுவே புது லூஸ் காண்டாக்ட் ஆகிவிடும். மெல்லிய குண்டூசியோ பேப்பர் கிளிப்போ பக்கவாட்டில் தொட்டால் போதும்.


இரவுப்பயணம்
திங்கள், இரவு 11:48

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். இந்தத் தொல்லைக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஹீட்டர் வயர் இரண்டுக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் ஈசியூ ஹீட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், லைட் வராது. என் வண்டியில் எட்டு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது. ரெசிஸ்டர் விலை இருபது ரூபாய்.


கல்லூரிச்சாலை
செவ்வாய், காலை 6:55

இரவுப்பயணம் நண்பரே, நீங்கள் மனதார உதவத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இது உங்களுக்கே நட்டம். 13.8 வோல்ட்டில் 10 ஓம் என்றால் முழுக்க ஆன் ஆகும் நேரத்தில் ஏறத்தாழ 19 வாட் சூடு. அந்தச் சூடு சென்சாருக்குள் போக வேண்டியது. இப்போது என்ஜின் ரூமில், வயர்களுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. இருபது ரூபாய் ரெசிஸ்டர் அத்தனை வாட் தாங்குமா என்று பாருங்கள். பக்கத்து வயரின் பிளாஸ்டிக் உருகினால் என்ன ஆகும்?

லைட்தான் அணைந்தது, சென்சார் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. எட்டு மாதமாக நீங்கள் ஊற்றிய அதிகப்படி பெட்ரோலுக்கு எத்தனை சென்சார் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். எரியாத பெட்ரோல் போய்ச் சேருமிடம் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர். அதன் விலை உங்களுக்குத் தெரியும்.


இரவுப்பயணம்
செவ்வாய், காலை 7:30

மைலேஜ் குறைந்தது உண்மைதான் சார். நகர ஓட்டம் என்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறேன்.


நொய்யல்கரை
செவ்வாய், இரவு 8:40

கீ ஆன் செய்தேன். ஒரு பின்னில் 12.4 வோல்ட் வருகிறது. பேட்டரியிலும் 12.5 இருக்கிறது. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அப்படியானால் சப்ளை சரி, மிச்சம் இருப்பது ஈசியூதானா? பட்டறைக்காரர் சொன்னதுதான் உண்மையா?


பன்னிரண்டு வோல்ட்
செவ்வாய், இரவு 9:20

அவசரப்படாதீர்கள். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மல்டிமீட்டர் வோல்ட் பார்க்கும்போது கரன்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒரு வயரில் இருபது இழை இருந்து, பத்தொன்பது அறுந்து, ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.4 காட்டும். தோட்டத்துக் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அடைத்து அழுத்தம் பார்த்தால் முழுதாகத்தான் காட்டும். திறந்துவிட்டால்தான் தண்ணீர் சொட்டுகிறதா பாய்கிறதா என்று தெரியும். வயரிலும் அப்படித்தான், கரன்ட்டை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஹீட்டர் 9 ஓம். ஒன்றரை ஆம்பியர் எடுக்கும். அதே அளவு இழுக்கிற ஒரு பொருள் எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும்: 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. ஒரு ஹோல்டரில் இரண்டு வயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சப்ளை பின்னில், மற்ற முனை பேட்டரி மைனஸில். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே அந்தப் பின்னில் வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது.


மின்னியல்மாணவன்
செவ்வாய், இரவு 9:41

அண்ணா, அதே பல்பை பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஈசியூ கண்ட்ரோல் பின்னுக்கும் நடுவில் வைத்தால் ஈசியூ எர்த் கொடுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?


கல்லூரிச்சாலை
செவ்வாய், இரவு 10:02

சோதனை முறை சரி, பல்பு தப்பு. 21 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம் கூட இருக்காது. போட்ட கணத்தில் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சப்ளை பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறது, வயர் தாங்கும். ஈசியூவின் சின்ன டிரான்சிஸ்டர் அந்த இழுப்பைத் தாங்கும் என்று நம்பிச் செய்யக்கூடாது. நன்றாக இருந்த ஈசியூவை நாமே கெடுத்ததாக ஆகிவிடும். அந்தப் பக்கத்துக்கு எல்இடி டெஸ்ட் லேம்ப் போதும். என்ஜின் ஓடும்போது எல்இடி எரிந்தாலோ வேகமாக மின்னினாலோ ஈசியூ எர்த் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.


பன்னிரண்டு வோல்ட்
செவ்வாய், இரவு 10:15

சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் அதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 21 வாட் பல்பு சப்ளை பக்கத்துக்கு மட்டும்.


வடமராட்சி
புதன், காலை 10:10

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய வாகனம் ஜப்பானில் இருந்து இறக்குமதி செய்த ஹைபிரிட். இந்த இழையைப் பார்த்துவிட்டு நானும் முன் சென்சார் ஹீட்டரை அளந்து பார்த்தேன். 2.4 ஓம்தான் காட்டுகிறது. இங்கே எல்லோரும் ஒன்பது என்கிறீர்கள். ஷார்ட் ஆகிவிட்டதோ? கோட் ஏதும் வரவில்லை.


கல்லூரிச்சாலை
புதன், பகல் 1:20

பயப்பட ஒன்றும் இல்லை. உங்கள் வாகனத்தின் முன்பக்கத்தில் இருப்பது ஏர் ஃப்யூயல் சென்சார் என்கிற வேறு வகையாக இருக்கும். அதன் ஹீட்டர் இரண்டு மூன்று ஓம்தான் இருக்கும், சீக்கிரம் அதிகச் சூடு வேண்டும் என்பதற்காக. அதன் சிக்னலும் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஆடாது, அதனால் நாங்கள் இங்கே பேசும் அளவுகளை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். கோட் வராத வரைக்கும் கைவைக்க வேண்டாம்.

பொதுவாகவே ஹீட்டர் அளவு சென்சாருக்குச் சென்சார் மாறும். 2 ஓமிலிருந்து 15 ஓம் வரைக்கும் எல்லாமே சரியாக இருக்கக்கூடிய அளவுகள்தான். அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கணக்கு.


நொய்யல்கரை
புதன், இரவு 9:30

நண்பர்களே, பல்பு சிவப்பாக, தணல் மாதிரி எரிகிறது! அதே பல்பை நேரடியாகப் பேட்டரியில் வைத்தால் கண் கூசுகிறது. பல்பு இருக்கும்போது சப்ளை பின்னில் வெறும் 3.1 வோல்ட். பல்பை எடுத்துவிட்டால் உடனே 12.4. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன்.

எல்இடி வைத்து ஈசியூ பக்கமும் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது மின்னுகிறது.


பன்னிரண்டு வோல்ட்
புதன், இரவு 9:44

கண்டுபிடித்துவிட்டீர்கள் தம்பி. ஈசியூ நன்றாக இருக்கிறது, இருபதாயிரம் மிச்சம். ஃபியூஸுக்கும் கப்ளருக்கும் நடுவில் எங்கேயோ வயர் அரித்திருக்கிறது.

இடத்தைப் பிடிக்க வழி: பல்பை அப்படியே எரியவிடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில். மறு முனையால் ஃபியூஸின் மேல் தெரியும் உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். அங்கே சில பாயின்ட் வோல்ட்தான் காட்டினால் அதுவரை சரி. அங்கிருந்து ஹார்னஸைக் கையால் தடவி, மெதுவாக ஆட்டிக்கொண்டே வாருங்கள். பல்பு எந்த இடத்தில் மினுக்குகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். கியர்பாக்ஸ் மேல் வளையும் இடம், பேட்டரி தட்டுக்கு அடி, ஹீட் ஷீல்டுக்கு அருகில் போகும் இடம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வண்டி ராத்திரியில் எங்கே நிற்கிறது? பக்கத்தில் மரமோ குப்பையோ இருக்கிறதா?


நொய்யல்கரை
புதன், இரவு 9:58

வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். பக்கத்தில் காலி மனை. ஏன் அண்ணா?


பன்னிரண்டு வோல்ட்
புதன், இரவு 10:01

பேட்டரி தட்டை முதலில் தூக்குங்கள்.


நொய்யல்கரை
வியாழன், காலை 11:25

இன்று விடுப்பு எடுத்துவிட்டேன். பேட்டரியையும் தட்டையும் தூக்கினால் உள்ளே வேப்பிலை, பஞ்சு, கிழிந்த பாலிதீன் என்று முழு எலிக்கூடு. எலி இல்லை, ஆனால் ஹார்னஸின் டேப்பைக் கடித்துத் துப்பியிருக்கிறது. உள்ளே மூன்று வயரின் மேல்தோல் போயிருக்கிறது. இரண்டில் செம்பு பளபளப்பாக இருக்கிறது. மூன்றாவது சென்சாருக்குப் போகும் வயர். அதில் செம்பே தெரியவில்லை, பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறி, தொட்டால் பொடியாக உதிர்கிறது. மழைத்தண்ணீர் தட்டிலிருந்து நேராக அதன் மேல்தான் சொட்டியிருக்கிறது. இரண்டு மூன்று இழைதான் மிச்சம்.

இப்போது எப்படி ஒட்டுவது? டேப் சுற்றினால் போதுமா?


பன்னிரண்டு வோல்ட்
வியாழன், பகல் 12:10

டேப் மட்டும் வேண்டாம். என்ஜின் சூட்டில் பசை உருகி இரண்டு மாதத்தில் கழன்றுவிடும்.

முதலில் பேட்டரி மைனஸ் கழன்றிருக்கிறதா பாருங்கள். களிம்பு ஏறிய வயரை இரு பக்கமும் வெட்டிக்கொண்டே போங்கள், பளபளக்கும் செம்பு வரும் வரை. பச்சை வெளியே தெரிவதைவிட உள்ளே ஓரிரு அங்குலம் அதிகம் ஊறியிருக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நடுவில் அதே தடிமனான வயரை, ஆட்டோ வயராகப் பார்த்து வாங்கிச் சேருங்கள். வீட்டு வயரிங்குக்கு வருவது வேண்டாம், அதன் தோல் இந்தச் சூட்டுக்கு நிற்காது. இரண்டு மூட்டையும் கிரிம்ப் செய்து (குழாய் போட்டு நசுக்கி இறுக்கி), உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தில் பசை கசிந்து வந்தால் தண்ணீர் புகாது. மற்ற இரண்டு வயரையும் அப்படியே விடாதீர்கள், அவையும் அடுத்த மழைக்குப் பச்சை ஆகும்.

இன்னொன்று, எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் ஒட்டப்போவது வண்டிப் பக்க ஹார்னஸ், அங்கே சால்டர் வைத்தாலும் தப்பில்லை. ஆனால் சென்சாரிலிருந்து கப்ளர் வரை வரும் வயரில் சால்டர் வைக்கவே கூடாது.


புதுலைசன்ஸ்
வியாழன், பகல் 12:40

அது ஏன் அண்ணா? வயர் என்றால் வயர்தானே?


கல்லூரிச்சாலை
வியாழன், மாலை 5:15

நான் முன்பு சொன்னதை நினைவுபடுத்துங்கள்: ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. அந்த வெளிக்காற்று சென்சாருக்குள் எந்த வழியாகப் போகிறது? நிறைய சென்சார்களில் வயர் இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான். வயர் அங்கே மூக்கு மாதிரி வேலை செய்கிறது. சால்டர் உருகி இழைகளுக்குள் புகுந்தால் மூக்கை அடைத்த மாதிரி. கப்ளருக்குள் கிரீஸ் தடவுவது, துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பது, இவற்றாலும் அதே தொல்லை. ஆவி உள்ளே போய் ஒப்பீட்டுக் காற்றைக் கெடுத்துவிடும், சிக்னல் தப்பாக வரும். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும் எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் மட்டும், அதுவும் கொஞ்சமாக.

என்ஜினில் சிலிக்கோன் பேஸ்ட் போடும்போதும் கவனம் வேண்டும். சென்சாருக்கு ஆகாத வகையின் ஆவி புகையோடு வந்து சென்சார் முனையில் படிந்து அதைக் குருடாக்கிவிடும்.


தாமிரபரணி
வியாழன், இரவு 8:50

நல்ல இழை. என் அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன், யாருக்காவது பயன்படும். எனக்கு வந்தது ஒரே நேரத்தில் மூன்று கோடு: பி0031, பி0037, கூடவே பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வுக்கு ஒன்று. இரண்டு சென்சாரும் வால்வும் ஒரே காலையில் சேர்ந்து கெடுமா? கெடாது. மூன்றுக்கும் பொதுவானது ஒரு ஃபியூஸ். பார்த்தால் அது போயிருந்தது.

புது ஃபியூஸ் போட்டேன், பத்து நிமிடத்தில் அதுவும் போனது. பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தால், பின் சென்சாரின் வயரைப் பிடித்திருந்த கிளிப் ஏதோ ஒரு வேகத்தடையில் உடைந்து, வயர் சைலன்சர் பைப்பின் மேல் சாய்ந்து, தோல் உருகி எர்த் ஆகியிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் ஹார்னஸே எரிந்திருக்கும். கடைசியில் செலவு ஒரு கிளிப்பும், சூடு தாங்கும் ஸ்லீவும், கொஞ்சம் வயரும்.


பன்னிரண்டு வோல்ட்
வியாழன், இரவு 9:10

தாமிரபரணி சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு வந்தால் அந்த லைன். பல கோடு ஒன்றாக வந்தால் அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ், ரிலே, எர்த்.


நொய்யல்கரை
வெள்ளி, இரவு 9:35

முடித்துவிட்டேன்!

களிம்பு நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது, மொத்தம் ஒரு சாண் வயர் வெட்டிப் போட வேண்டியதாயிற்று. கிரிம்ப், ஷ்ரிங்க், மேலே துணி டேப். பல்பு சோதனை: பளிச். பல்பு எரியும்போது பின்னில் 12.1 வோல்ட். கப்ளரை மாட்டி, கோடை அழித்து, ஸ்டார்ட் செய்தேன்.

போனில் முன் சென்சாரின் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஆடாமல் ஒரே அளவில் நின்றது. நாற்பது விநாடி இருக்கும், திடீரென்று 0.1-க்கும் 0.8-க்கும் நடுவில் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. ஃப்யூயல் ஸ்டேட்டஸ் ஓப்பன் லூப்பிலிருந்து (மனப்பாடக் கணக்கு) க்ளோஸ்ட் லூப்புக்கு (சென்சாரைப் பார்த்துச் சரிசெய்வது) மாறியது. என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

மொத்தச் செலவு 140 ரூபாய். ஒரு சந்தேகம் மட்டும். பழைய சென்சார் நன்றாக இருப்பதால் அதையே திரும்ப மாட்டிவிட்டுப் புதியதைப் பத்திரப்படுத்தவா?


மலைப்பாதை
வெள்ளி, இரவு 9:50

வாழ்த்துகள். ஜோடியாக மாற்றச் சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு அன்று மாற்றியபோதும் யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.


பன்னிரண்டு வோல்ட்
வெள்ளி, இரவு 10:20

புதியது இருக்கட்டும், திரும்பத் திரும்பக் கழற்றினால் மரை கெடும். பழையதைப் பையில் போட்டு வையுங்கள், கீழே போடாதீர்கள். உள்ளே இருப்பது பீங்கான், ஒரு தடவை தரையில் விழுந்தாலே விரிசல் விடும்.

இன்றைக்கு லைட் அணைந்ததை மட்டும் நம்ப வேண்டாம். ஈசியூ இந்தச் சோதனையைக் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் ஒழுங்காகச் செய்யும். நான்கைந்து நாள் காலை ஸ்டார்ட் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கூட்டைச் சுத்தமாக எடுத்து, தட்டுக்கு அடியில் கம்பி வலை வையுங்கள். முடிந்தால் நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள்.


நொய்யல்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:05

900 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், இடையில் இரண்டு நாள் நல்ல மழை. கோட் எதுவும் இல்லை. இந்த டேங்குக்கு லிட்டருக்கு 16.8. வலை வைத்துவிட்டேன், வண்டியை இப்போது வாசலில் விளக்குக்கு அடியில் நிறுத்துகிறேன். பட்டறைக்கும் போய் வெட்டி எடுத்த வயரைக் காட்டினேன். அங்கே வேலை பார்க்கும் பையன் பல்பு சோதனையைச் செய்து காட்டச் சொன்னான், காட்டிவிட்டு வந்தேன்.


இரவுப்பயணம்
ஞாயிறு, இரவு 11:15

நானும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டேன். அதைச் சுற்றி இருந்த ஸ்லீவ் கருகிப் போயிருந்தது, பார்த்ததும் பகீரென்றது. நீங்கள் சொன்னபடி சென்சார் ஆறிய பிறகு அளந்தேன். ஓஎல் காட்டுகிறது. சப்ளையில் 21 வாட் பல்பு நன்றாக எரிகிறது. எல்இடியும் மின்னுகிறது. அப்படியானால் எனக்கு உண்மையாகவே சென்சார்தானே அண்ணா?


பன்னிரண்டு வோல்ட்
ஞாயிறு, இரவு 11:32

ஆமாம் தம்பி, உங்களுக்குச் சென்சார்தான், தைரியமாக வாங்குங்கள். பழையதின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டுகிற யுனிவர்சல் வகை வேண்டாம், கப்ளரோடு வருவதை வாங்குங்கள்.

கழற்ற 22 மி.மீ., பக்கத்தில் வயருக்குப் பிளவு இருக்கும் சாக்கெட். என்ஜின் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றினால் மரை உரியாமல் வரும். புதியதின் மரையில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலும் தடவ வேண்டாம், முனையில் படவே கூடாது. கையால் முழுக்க ஏற்றிவிட்டு 40-லிருந்து 45 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள். வயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள், தொங்கவிடாதீர்கள்.

மாட்டிய பிறகு சிக்னல் ஆட எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுங்கள்.